கொழுந்துத் தராசில் அம்மா

அம்மாவை ஒரு தடவை தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டு எடை போட்டோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பக்கவாதம் வந்து அவளுடைய வலப்பக்கம் தளர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சுவரையோ என் தோளையோ பிடிக்காமல் ஓர் எட்டுகூட வைக்க மாட்டாள். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடம்பு துரும்பாக இளைத்துவிட்டது. தெரணியகலையில் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் நாற்பது கிலோவாவது இல்லையென்றால் வார்டில் சேர்க்க வேண்டும். வார்டு என்றாலே அம்மாவுக்கு நடுக்கம். அன்றைக்கே கூத்து ஆரம்பமானது. முட்டை, பருப்பு, ரொட்டி, கொடுத்ததையெல்லாம் விழுங்கினாள். தினமும் என்னிடம் "ஏறிருச்சா?" என்று கேட்டாள். நான் என்ன தராசா?

கிளினிக்குக்கு முதல் நாள் பொறுக்க முடியாமல் அண்ணனும் நானும் அவளைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாலை நிறுவை முடிகிற நேரம். எடை எழுதும் கணக்கப்பிள்ளை முதலில் மறுத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெரிய சாக்கை விரித்து அதில் அம்மாவை உட்காரவைத்து, நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டிக் கொக்கியில் மாட்டினோம். அம்மா தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வெட்கத்தில் நெளிந்தாள். கொழுந்துக்காரிகள் கைதட்டினார்கள்.

"நாப்பத்தியொன்னு!"

மடுவமே ஆர்ப்பரித்தது. அம்மாவை இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தோம். அப்போதுதான் கணக்கப்பிள்ளை, வாய்ப்பழக்கம், ஒவ்வொரு கொழுந்துக்காரியிடமும் தினமும் சொல்வதைச் சொன்னார்.

"சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிவு. முப்பத்தொம்பது."

முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது.

"என்னாங்க கழிவு? எத்தன வருசமா கழிப்பீங்க! என் ஒடம்புல எங்க தண்ணி ஒழுகுது? காட்டுங்க பாப்போம்!"

பேச்சு குழறினாலும் மடுவத்தில் யாருக்கும் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. எழுந்தாள். இடது கையை நீட்டித் திட்டிக்கொண்டே அவரை நோக்கி நடந்தாள். கணக்கப்பிள்ளை பின்னால் நகர்ந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விலாவில் இடித்த பிறகுதான் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடிக்கவில்லை. என்னையும் பிடிக்கவில்லை. மூன்று எட்டு, நான்கு எட்டு. 

"ஐயா," என்று கத்தினேன், "இன்னும் ரெண்டு கிலோ கழிங்கய்யா!"