மணலுக்குள் நின்ற சங்கிலி

என் மனைவி அதீபா நெடுஞ்சாலைத் துறையில் ஆற்றுப் பாலங்களைப் பார்க்கும் உதவிப் பொறியாளர். நான் குற்றாலம் அருவிக்கரையில் துண்டும் எண்ணெயும் விற்கிறவன். தண்ணீரை வைத்துப் பிழைக்கிற குடும்பம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அவளைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு வாய் மூடாது.

பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலம் ஒன்று. வெள்ளம் அதன் தூணைச் சுற்றி எவ்வளவு ஆழத்துக்கு மணலை அரிக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். சாதாரண வெள்ளத்துக்கே எட்டடி. அஸ்திவாரமோ பத்தடியில் முடிகிறது. பெருவெள்ளம் வந்தால் தூண் அந்தரத்தில் நிற்கும். சுற்றிப் பாறாங்கல் போடும்வரை பாலத்தில் லாரி வேண்டாம் என்று நிறுத்தவைத்தாள்.

சந்தைக்காரர்கள் கொதித்தார்கள். சுற்றுவழியில் போனால் காய் வாடாதா? வியாபாரிகள் சங்கத் தலைவர் சண்முகநாதன் அண்ணாச்சி, அந்த மழையில் வந்த சாதாரண வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நின்று கத்தினார்.

“குழி எங்கன இருக்கு? மணல் மட்டமால்லா கெடக்கு!”

எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டும். வடியும்போது அதே குழியில் மணலைப் போட்டு மூடிவிட்டுப் போகும். இது தெரிந்துதான் அவள் மழைக்கு முன்பே தூணருகே ஓர் இரும்புச் சங்கிலியைச் செங்குத்தாகப் புதைத்திருந்தாள். மணல் அரிபட்ட ஆழம் வரைக்கும் சங்கிலி சரிந்து படுத்துவிடும். அதற்குக் கீழே நேராகவே நிற்கும்.

“தோண்டிப் பார்ப்போம் அண்ணாச்சி. சங்கிலி சரியாம நின்னா நாளைக்கே லாரிய விடச் சொல்லுதேன்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, தோண்டுகிற அன்று காலை அவளுக்கு இட்லி இறங்கவில்லை. ஏதோ காரணத்தால் சங்கிலி சரியாமல் நின்றுவிட்டால் லாரிகள் அந்தத் தூண்மேல் ஓடும். அவள் பேச்சும் இனி எடுபடாது.

“ஏட்டி, பயமா?” என்றேன்.

“பயந்தான். ஆனா கணக்கு சரிதாங்க.”

பாலத்தின் மேல் ஒரே கூட்டம். நானும் அங்கேதான் நின்றேன். பொக்லைன் தோண்டத் தோண்ட வெறும் மணல். ஆறடியிலும் சங்கிலியைக் காணோம்.

“பழைய இரும்புக் கடையில போய்த் தேடுங்க!” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கையில் சிக்கவில்லை.

ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ணங்கென்று ஒரு சத்தம். சங்கிலியின் மேல்பகுதி குழியின் அடியில் படுத்துக் கிடந்தது, மீதி அங்கிருந்து நேராகக் கீழே போனது. அண்ணாச்சியே டேப்பைப் பிடித்தார். எட்டே காலடி.

அவர் நிமிர்ந்து தூணைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பாலத்தையும், அதில் நெருக்கியடித்து நின்ற எங்களையும் பார்த்தார்.

“ஏலே, எல்லாரும் பாலத்த விட்டு இறங்குங்கலே!”

முதலில் இறங்கியவன் நான்தான். என் பெண்டாட்டி போட்ட கணக்காயிற்றே.