கண் வைக்கிறவள்

காலையில் வேலையைத் தொடங்கும் முன், முதல் கண்ணை அவள் தன் நகத்தில்தான் வைப்பாள். இடது கைக் கட்டைவிரல் நகம். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, ஸ்டூலை ஒரு முறை முன்னால் இழுத்து, ஒரு முறை பின்னால் தள்ளி, கடைசியில் முதலில் இருந்த இடத்திலேயே போட்டு உட்காருவாள். உடைந்த பீங்கான் தட்டில் குழைத்த கறுப்பைத் தூரிகையால் தொட்டு, தட்டின் விளிம்பில் மெல்லப் புரட்டி முனையைக் கூராக்குவாள். பிறகு மூச்சை நிறுத்தி, நகத்தின் நடுவில் ஒரு பொட்டு. அது வட்டமாக உட்கார்ந்தால் அன்றைய வேலை ஆரம்பம். கோணினால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு இன்னொன்று.

சரியாக வந்த பொட்டை அழிக்கமாட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதும் அது நகத்தில் இருக்கும். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் அவள் கணவர், "உன் நகம் என்னையே முறைக்குது. அந்தப் பக்கம் திருப்பி வை" என்பார்.

"முறைக்கிற மாதிரி நீங்க என்ன பண்ணிட்டு வந்தீங்க?" என்பாள் அவள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பொம்மைப் பட்டறையில். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு முனையில் பழைய செய்தித்தாள்கள் தொட்டியில் ஊறிக் கூழாகும். அந்தக் கூழை அச்சில் அடித்துக் காயவைத்து, மேலே சுண்ணம் பூசித் தேய்த்து வழவழப்பாக்கி, தோல் நிறம் அடித்து, ஒவ்வொரு மேஜையாக நகர்த்துவார்கள். நேற்றுவரை ஊர்ச் சண்டையும் விலைவாசியுமாக இருந்த காகிதம், மறுமுனைக்கு வரும்போது கன்னம் உப்பிச் சிரித்துக்கொண்டிருக்கும். பசையும் வார்னிஷும் ஈரக் காகிதமும் கலந்த ஒரு வாசனை. வெளியாளுக்குத் தலை வலிக்கும். உள்ளே இருந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த வாசனை இல்லாவிட்டால்தான் தலை வலிக்கும்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எந்த உறுப்பைச் செய்கிறார்களோ அதுதான் பெயர். அச்சு அடிப்பவர் அச்சு அண்ணன். கை கால் கோர்ப்பவன் கை. முடி ஒட்டுபவள் கூந்தல். இவள் கண்ணக்கா. "இன்னைக்குக் கை லீவு." "கூந்தலுக்கு வயித்துவலியாம்." "கண்ணு வந்தாச்சா, பாரு." புதிதாக வந்த கணக்குப்பிள்ளை ஒருவர், இது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்டாராம். "பாதி சரி. இங்க செத்துப் பொறப்பாங்க" என்றார் அச்சு அண்ணன்.

அவள் வேலைக்கு ஒரு சங்கடம் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது, "என்ன வேலை பாக்குறே?" என்று கேட்டால், "கண் வைக்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பட்டறையில் அதற்கு வேறு வார்த்தை கிடையாது. கேட்டவள் இடுப்புக் குழந்தையை மெல்ல மறுபக்கம் மாற்றிக்கொள்வாள். "ஐயோ, பொம்மைக்குத்தாங்க" என்று சிரிப்பதற்குள் குழந்தையின் முகம் துணிக்குள் போயிருக்கும்.

இதை ஊர் முழுக்கப் பரப்பியது கூந்தல்தான். கூந்தல் வேறு யாருமில்லை, இவள் கணவரின் தங்கை. அதே வீட்டின் மாடியில் குடியிருந்தாள். பட்டறைக்கு இவளைக் கூட்டிவந்து சேர்த்தவளும் அவளே. "எங்க அண்ணன் நல்லா வாட்டசாட்டமா இருந்தாரு. அண்ணி வந்து கண்ணு வச்சாங்க, இப்ப பாருங்க, பெல்ட்டுல ஓட்டைக்கு மேல ஓட்டை போட்டுக்கிட்டு இருக்காரு" என்பாள்.

"ஓட்டை போடுறது உள்பக்கமா, வெளிப்பக்கமாம்மா?" என்பார் அச்சு அண்ணன். அண்ணனுக்குத் தொப்பை போட்டிருந்தது ஊருக்கே தெரியும்.

இப்படி நாத்தனாரும் அண்ணியும் காலையில் சேர்ந்து நடந்து வருவார்கள், நாளெல்லாம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து குத்திக்கொள்வார்கள், சாயங்காலம் சேர்ந்தே திரும்புவார்கள். கண் முடிந்த தலைகள் வார்னிஷ் காய்ந்து நேராகக் கூந்தலின் மேஜைக்குத்தான் போகும். அவள் கறுப்பு நூலைப் பிரித்து, சீவி, உச்சியிலிருந்து வரிசையாக ஒட்டிக் கத்தரிப்பாள். கண் எவ்வளவு பொறுமையான வேலையோ, முடி அவ்வளவு வேகமான வேலை. ஒருத்தி மூச்சை அடக்குவாள், ஒருத்தி பாட்டுப் பாடுவாள்.

கண்ணக்காவின் முறை ஒன்று உண்டு. ஒரு பலகையில் தலைகளை வரிசையாகக் குத்தி நிறுத்தி, முதலில் எல்லாவற்றுக்கும் இடக்கண்ணை மட்டும் வைத்துக்கொண்டே போவாள். கடைசித் தலை முடிந்த பிறகுதான் திரும்பி வந்து வலக்கண். கை ஒரு பக்கத்துக்குப் பழகிவிட்டால் நடுவில் மாற்றக் கூடாது என்பாள். அந்த இடைவேளையில் வரிசை முழுக்க ஒற்றைக் கண்ணோடு நிற்கும். "நாம சம்பளம் ஏத்திக் கேட்டா முதலாளியம்மா பாக்குற மாதிரியே இருக்கு" என்பார் அச்சு அண்ணன்.

நாற்பதைத் தாண்டிய ஒரு காலையில், நகத்துப் பொட்டு வட்டமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மங்கலாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். கையைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாள், தெளிந்தது. சரி, தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள், யாருக்கோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவதுபோல முழுக் கையையும் நீட்டி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தூரிகை பிடித்த கை அவ்வளவு தூரம் போகாதே. கண்ணை வைக்கும்போது கிட்டத்தில்தான் வைக்க வேண்டும். கிட்டத்தில் எல்லாம் பஞ்சு.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த ஜன்னல் இருக்கையில் ஒரு பெரியம்மா கண் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த மறுவாரம், பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் மேஜைக்கு மாற்றப்பட்டார். பெயரும் மாறியது. அதுவரை கண்ணாக இருந்தவர் அதன்பிறகு பெட்டி. 'பெட்டிம்மா, இங்க வாங்க' என்று கூப்பிடும்போது அந்த முகம் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும். அந்தத் தாமதம் கண்ணக்காவின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. கண்ணாடி போட்டால் ஜன்னல் போகும், பெயர் போகும். ஜன்னலுக்கு அடுத்து யார் வருவார்கள் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. எதிர் மேஜையில் பாடிக்கொண்டிருப்பவள்தான் வருவாள்.

ஆகவே பழக்கத்தை நம்பி வைத்தாள். இடக்கண் கைப்பழக்கத்தில் ஓரளவு சரியாகவே விழுந்தது. வலக்கண்தான் நழுவியது. கொஞ்சம் வெளியே, கொஞ்சம் மேலே. அவளுக்கு அது தெரியாது. வைத்தவளுக்குத் தெரிந்திருந்தால் துடைத்திருப்பாளே.

அந்தச் சமயத்தில்தான் கூந்தல் புதிதாக ஒரு வழக்கம் ஆரம்பித்தாள். நடுவகிடு எடுத்து இரு பக்கமும் வாரிவிடுவதுதான் அதுவரை பட்டறைப் பாணி. இப்போது சில பொம்மைகளுக்கு முன்முடியை நீளமாக விட்டு, வலது புருவத்துக்கு மேல் சரித்து ஒட்டினாள். முடி ஒரு திரைபோலக் கண்ணில் பாதியை மறைத்தது.

கண்ணக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டாள்.

"நான் உயிரைக் குடுத்து வைக்கிறேன். அதை மூடுறதுக்கா நீ முடி வைக்கிறே?"

"காத்தடிச்சா வெலகும் அண்ணி."

"பொம்மைக்கு எங்கடி காத்து?"

"வாங்குற குழந்தை ஊதும்."

"பொறாமைன்னு நேராச் சொல்லேன்."

கூந்தல், கடையில் சோப்பு வாங்க வேண்டும் என்று தெருவைக் கடந்தாள். வீட்டில் சோப்பு இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

பள்ளி விடுமுறைக் காலத்துக்காக ஒரு பெரிய கடைக்காரர் பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. அவர் வந்த அன்று கண்ணக்கா ஒரே தூரிகையை மூன்று முறை கழுவினாள். மனிதர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பி, முகத்தருகே கொண்டுபோனார். சரிந்த முடிக்குள்ளிருந்து ஒரு கண் நேராகவும் ஒரு கண் எங்கோவும் பார்த்தது.

"இது மட்டும் என்னமோ யோசிச்சுக்கிட்டே இருக்கே" என்றார். "இந்த முடிதான் அழகு. எல்லாமே இப்படிக் குடுங்க."

முதலாளியம்மா கூந்தலைப் பார்த்துச் சிரித்தார். கூந்தல் தரையைப் பார்த்தாள். கண்ணக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே மதில்மேல் ஒரு பூனை, யார் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவள், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நூலை எச்சில்படுத்திப் படுத்தித் தோற்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய், தன் பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் மூக்கில் மாட்டினார்.

"வெள்ளெழுத்து. எனக்கு எப்பவோ வந்தாச்சு. இதுக்கு எதுக்கு வெக்கம்?"

"கண்ணு வைக்கிறவளுக்கே கண்ணு தெரியலைன்னா எவ பொம்மை வாங்குவா?"

"கண்ணாடி போட்ட டிரைவர் வண்டியில ஏறமாட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் எறங்கி ஓடலை."

அவள் அதைக் கேட்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வட்டம் என்று நம்பி விட்டுவைத்த பொட்டு, நசுங்கிய ஈபோல நகத்தின் ஓரத்தில் கிடந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனாள். கணவரின் கண்ணாடி காதுக்குப் பெரிது. ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குப் போகக் காத்திருந்த பொம்மைகளின் முன்னால் நின்று, முதல் பொம்மையின் நெற்றி முடியை விரலால் ஒதுக்கினாள். வலக்கண் கூரையைப் பார்த்தது. அடுத்தது, காதைப் பார்த்தது. அதற்கடுத்ததும் அப்படியே. பிறகு நடுவகிடு எடுத்த பொம்மைகளிடம் போனாள். அவற்றின் கண்கள் இரண்டும் நேராக அவளைப் பார்த்தன. திரும்பவும் முடி சரிந்தவை, எல்லாம் கோணல். வகிடெடுத்தவை, எல்லாம் நேர். கடைக்காரர் ஆசைப்பட்டுக் கேட்பதற்கு முன்னால், கோணிய கண்ணுக்கு மட்டும்தான் அந்த முடி விழுந்திருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கூந்தல்.

"என்னைவிட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள், ஒதுக்கிய முடியைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"எது?"

"ஏன்டி, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

கூந்தல் நூல்கண்டை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். "உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க அண்ணி. கோணக் கண்ணு மேல என் முடி நின்னா, முடியே கோணல்னு சொல்லுவாங்க. என் பேரு கெடும். அதான்."

"அப்ப அன்னைக்கு நான் பொறாமைன்னு சொன்னேனே…"

"அது நெசந்தான். உங்களுக்கு ஜன்னல் காத்து. எனக்கு அச்சு அண்ணன் இருமல்."

கண்ணக்கா சிரிக்க நினைத்தாள். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

அன்றே, போனால் போகட்டும் என்று கண்ணாடியோடு முதலாளியம்மாவின் முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்பாடா, போட்டுக்கிட்டியா?" என்றார்.

"பெட்டிக்கு மாத்திடுவீங்களோன்னு…"

"அவங்களுக்குக் கை நடுங்கிச்சும்மா. கண்ணாடி பாவம், அது என்ன பண்ணும்? போ, போய் உக்காரு."

அந்த 'அப்பாடா' ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். ஸ்டூலை முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள். நகத்தில் விழுந்த பொட்டு, கூழாங்கல்லைப்போல் இருந்தது.

அதன்பிறகு வந்த வருஷங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. கண்கள் எல்லாம் நேராகிவிட்டன. ஆனால் கடைக்காரர்கள் அந்த யோசிக்கிற பொம்மையைத்தான் கேட்டார்கள். கண்ணக்கா நேராக வைப்பாள், கூந்தல் முடியைச் சரித்து மூடுவாள், இவள் திட்டுவாள், அவள் காற்றடித்தால் விலகும் என்பாள். கண்ணக்கா வேறு வழியில்லாமல் வேண்டுமென்றே வலக்கண்ணை நழுவவிட்டுப் பார்த்தாள்; வரவில்லை. தெரியாமல் வந்தது, தெரிந்து வரமாட்டேன் என்றது.

கொட்டகை இன்றும் இருக்கிறது. பொம்மைகள் இன்றும் பெட்டி பெட்டியாகப் போகின்றன. கூந்தல் மட்டும் மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனாள். வழியனுப்பிய அன்று இருவரும் அழவில்லை. "போற இடத்துல யாருக்காவது கோணக் கண்ணு இருந்தா மூடிவிடு" என்றாள் அண்ணி. "உங்களை மாதிரி எங்க கெடைக்கும்?" என்றாள் நாத்தனார். எதிர் மேஜைக்கு வேறொரு கூந்தல் வந்தாள். நல்ல பெண். ஆனால் பாடமாட்டாள்.

பிறகு ஒரு நாள், பேச்சுவாக்கில் அச்சு அண்ணன் சொல்லித்தான் அது தெரிந்தது. கண்கள் நழுவிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்திலேயே முதலாளியம்மா கவனித்துவிட்டாராம். கண்ணக்கா வீட்டுக்குப் போன ஒரு சாயங்காலம் கூந்தலை ஜன்னல் இருக்கையில் உட்காரவைத்து, ஒரு பலகைத் தலைகளுக்குக் கண் வைத்துக் காட்டச் சொன்னாராம். அவள் வைத்து முடித்ததும், நாளையிலிருந்து நீதான் கண் என்றாராம். கூந்தல் டர்பன்டைன் துணியை எடுத்து, ஒவ்வொரு தலையாகத் துடைத்துக்கொண்டே சொன்னாளாம்: "நான் வச்சா முறைக்குதும்மா. எங்க அண்ணி வச்சாத்தான் பாக்குது."

அவள் துடைப்பதற்குள் அச்சு அண்ணன் ஒரு தலையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இன்னும் அவரிடம் இருக்கிறது. முடி வைக்காத மொட்டைத் தலை. கண் இரண்டும் நேர். முறைக்கவில்லை.