சீத்தாப் பூவுக்கும் இரண்டு ஷிஃப்ட்

1. கெடு

"கார்டன் சூப்பர்வைசர்னு பேரு வச்சுக்கிட்டு ஆறு வருஷமா இலையத்தானேய்யா காட்டுறீங்க? தசராவுக்குள்ள காய் இல்லன்னா பதினாலு மரமும் போயிரும். அங்க ஸ்கூட்டர் ஷெட் வருது."

சொன்னவர் பெர்சனல் மேனேஜர் ராகவன் சார், நம் ஊர்க்காரர். தொண்ணூறுகளின் நடுவில், புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஓர் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. அந்தச் சீத்தா மரங்களை நட்டவன் நான். நாலாம் வருஷம் காய்க்கும் என்று வாயை விட்டவனும் நானே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் ஏறியது.

"பாத்துரலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2. கொசுப் புகை

மழை தொடங்கியதும் வழக்கம்போல் பூ அப்பியது, வழக்கம்போல் உதிர்ந்தது. ஒரு கை பூவை வேளாண் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, கம்பெனியில் கொசுவுக்குப் புகை போடுகிறீர்களா என்பது.

வாராவாரம் போட்டோம். ஆர்டரில் கையெழுத்து என்னுடையது. இந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு பொடி வண்டாம். கொசுவோடு அதையும் ஒழித்திருந்தேன்.

அன்றே மரங்களின் பக்கம் புகையை நிறுத்தினேன். ஆனால் வண்டு திரும்பி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கையால்தான் சேர்க்க வேண்டும். பூ பாதி திறந்திருக்கும்போது பெண், முழுதாக விரிந்த பிறகு ஆண். மாலையில் விரிந்த பூக்களைப் பறித்து வைத்து, மறுநாள் காலை அவற்றின் மகரந்தப் பொடியைப் பாதி திறந்த பூக்களில் பிரஷ்ஷால் தடவ வேண்டும்.

இதைக் கேட்டு லேத் ஆபரேட்டர் செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். புனேயிலேயே பிறந்தவன்; வீட்டைக் 'கர்' என்றும் குழந்தையைப் 'பச்சா' என்றும்தான் சொல்வான்.

"அண்ணா, இது நம்ம கர் மாதிரியே இருக்கு. நான் செகண்ட் ஷிஃப்ட், அவ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நான் வர்றப்ப அவ தூங்குறா, அவ போறப்ப நான் தூங்குறேன். பச்சா எப்படி வரும்? சாயங்காலப் பூவ நான் பறிச்சு வைக்கிறேன், போங்க."

3. டிஃபன் பாக்ஸ்

டீ பிரேக்கில் செல்வம் பறித்த பூக்களை என் டிஃபன் பாக்ஸில் போட்டு, காற்றுப் புகாமல் மூடினேன். காலையில் திறந்தால் உள்ளே வேர்த்து, பொடி களியாகியிருந்தது. அதையே தடவினேன். பிடிவாதம்! இப்படியே பத்து நாள் வீண். ஒரு பூகூட நிற்கவில்லை. அன்று என்னை நானே அறைந்துகொள்ளாத குறைதான்.

செல்வம் ஸ்டோரிலிருந்து பழைய பிரவுன் கவர்களைக் கொண்டுவந்தான். காகிதத்தில் பொடி உலர்ந்து உதிர்ந்தது. மூன்று வாரம் காலை ஏழு மணிக்கு ஸ்டூல் மேல் நின்றேன். ஆபீஸே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

4. தசரா

மெஷின்களுக்குப் பூஜை முடிந்து, நெற்றியில் குங்குமத்தோடு ராகவன் சார் நேரே மரத்தடிக்கு வந்தார். கிளைக்குக் கிளை காய். ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஷெட்ட எங்கய்யா போடறது?"

"எதுக்கு சார் ஷெட்டு? மர நிழல்லயே வண்டிய நிறுத்தட்டும்."

செல்வம் பின்னால் நின்று கை தட்டினான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மரம் காய்க்கவில்லை என்றால், முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களைப் புரட்டுங்கள்.

மறு வருஷம் வண்டுகள் திரும்பின. நான் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. அந்த ஐப்பசியில் ராகவன் சாரிடமிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. பழுத்த சீத்தாப்பழம் விழுந்து அவருடைய ஸ்கூட்டர் ஸீட் பாழாகிவிட்டதாம், விளக்கம் வேண்டுமாம். ரிடையர் ஆனபோது ஆபீஸிலிருந்து நான் எடுத்து வந்த காகிதம் அது ஒன்றுதான்.