நட்சத்திரத்துக்கு ஒரு ஸ்டவ் பின்

முத்தியால்பேட்டையில் நான் ஸ்டவ் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அங்கே வருவார் ஒரு ரசாயன வாத்தியார். எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. ஒட்டடைக்குச்சி உடம்பு. எந்தத் தீயைக் கண்டாலும் சட்டைப்பையிலிருந்து, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் பித்தளைக் குழாயை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய ஸ்டவ்வைச் சரிசெய்து நீலமாக எரியவிட்டேன். குழாயை என்னிடம் நீட்டினார். தீக்குள் பச்சைப் பட்டைகள் தெரிந்தன. என் வேலையில்தான் குறை என்று பதறி, அடைப்பெடுக்கும் ஸ்டவ் பின்னை எடுத்தேன்.

“இருப்பா, அது கரியோட அடையாளம். வயசான சில நட்சத்திரத்தச் சுத்தியிருக்கிற வாயுவுலயும் இதே கரிதான். அது புகையாச் சேர்ந்தா நட்சத்திரமே மங்கிப்போவும்.”

“இத வச்சி ஒரு குத்து குத்துனா சரியாப்பூடும், முசே.”

அவர் சிரிக்கவில்லை. பின்னை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

கேலியா, மரியாதையா, இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பின்னை வைத்து அப்புறம் எந்த ஸ்டவ்வையும் நான் குத்தவில்லை.