ரேடார் மேல் சந்தனப் பொட்டு

புது மாடல் வருகிறது என்றால் கடையில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் தூக்கம் குறையும்.

ஈப்போவில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் விற்கும் கடையில் ஃபோர்மேனாக இருக்கிறேன். பெட்டியிலிருந்து இறக்கிய வண்டியை நட்டு நட்டாகப் பார்த்து, நானே ஒரு சுற்று ஓட்டி, வாடிக்கையாளர் கையில் ஒப்படைப்பதுவரை என் பொறுப்பு. ஒப்படைத்த பிறகும் மனம் அடங்காது. பின் சக்கர நட்டை இறுக்கினேனா என்று சோற்றில் கை வைத்தபடியே யோசித்து, வாடிக்கையாளருக்குப் போன் அடித்து, "அண்ணே, கொஞ்சம் நிறுத்திப் பாருங்க" என்று சொன்னதெல்லாம் உண்டு. அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்புறந்தான் சோறு இறங்கும்.

வாடிக்கையாளர்கள் புது வண்டியை ஓட்டிப் பார்க்கும் டெமோ நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கடைக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கிறார்கள். கொடி கட்டுவதையும் கோப்பி கலக்குவதையும் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு.

வந்த வண்டி

அது ஸ்போர்ட் டூரிங் வகை. எஞ்சின் ரேஸ் வண்டியுடையது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் போகலாம். பின்னால் ஓர் ஆள் சாய்ந்து உட்காரலாம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டலாம். கிளச் பிடிக்காமல் கியர் ஏறும். பட்டனை அமுக்கினால் முன் கண்ணாடி உயரும், தாழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பேச்சு ரேடார்தான். ஹைவேயில் ஒரு வேகத்தை வைத்துவிட்டால் போதும். முன்னால் போகும் வாகனம் மெதுவானால் வண்டியும் தானாக மெதுவாகும். அந்த ரேடார் இரண்டு லைட்டுக்கும் நடுவில், உள்ளங்கை அகலக் கருப்புத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். கையேட்டைப் போனில் மொழிபெயர்த்துத்தான் வாசிப்பேன். எச்சரிக்கைப் பக்கங்களை முதலில் வாசிப்பது என் பழக்கம். அந்தத் தகட்டை எதுவும் மறைக்கக் கூடாது என்று ஒரு படமே போட்டிருந்தார்கள்: ஸ்டிக்கர், சேறு, கனத்த மழை. இதை மேனேஜர் குணாவிடம் சொன்னேன். குணா என்னைவிட மிகவும் இளையவன், நல்ல பையன், விற்பதில் கெட்டிக்காரன்.

"அண்ணே, நீங்க வாசிச்சத எல்லாம் கஸ்டமர்கிட்ட ஒப்பிக்காதீங்க லா. கடை ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்" என்றான்.

முதலில் ஓட்டியவர்கள்

டெமோ வழி இதுதான்: கடையிலிருந்து சிம்பாங் பூலாய், அங்கே ஹைவே ஏறி கோப்பெங், பிறகு பழைய ரோட்டில் திரும்பி ஈப்போ. குணா வேறொரு வண்டியில் முன்னால் வழிகாட்டிப் போவான். நான் கடையில் நின்று, திரும்பி வரும் வண்டியைத் தடவிப் பார்ப்பேன்.

முதலில் போனவர் பிரகாஷ். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மிருகம் லா இது! மூணாவது கியர்ல முறுக்குனேன், கை தனியா கழண்டு வந்துருமோன்னு ஆயிருச்சு. ஒரே குறை, சத்தம் இல்ல."

"சத்தம் இல்லாட்டி நல்லதுதானே?"

"என்ன நல்லது? இவ்ளோ பெரிய வண்டி வாங்கிட்டு ரோட்டுல ஒருத்தனும் திரும்பிப் பாக்கலன்னா எதுக்குண்ணே?"

அடுத்தவர் தெய்வா, தெலுக் இந்தானில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். ஆள் கனம். ஏறி உட்கார்ந்ததும், "கால் எட்டுது. வயிறுதான் டேங்க்ல இடிக்குது, அதுக்கு உங்க கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று தானே சொல்லிச் சிரித்தார். போனவர் நேரமாகியும் வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். ஹைவேயில் பஞ்சரோ, விழுந்தாரோ, குணாவுக்குப் போன் அடித்தால் வண்டி ஓட்டிக்கொண்டே எடுப்பானோ என்று எல்லாம் ஓடியது.

வந்தார். கைப்பிடியில் சாமந்தி மாலை ஆடியது.

"கோப்பெங் தாண்டி முனியாண்டி கோயில்ல நிறுத்துனோம்" என்றார். "புது வண்டிண்ணே. சாமிய பாக்காம ஓட்டுனா எனக்கு மனசு கேக்காது லா."

ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் முகப்பில் அந்தக் கோயில் இருக்கிறது. புது வாகனம் என்றால் அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே நிறுத்தாமல் போகமாட்டார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், வண்டியின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான் சர்ச்சுக்குப் போகிறவன். என் சின்ன கெப்சாய் மோட்டாருக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார். ஆகவே இதில் எனக்குக் கிண்டல் கிடையாது. குணா படம் எடுத்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டும் விட்டிருந்தான்.

"வண்டி எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"அருமை. எஞ்சின் சூடு மட்டும் வலது தொடையில அடிக்குது. ஈப்போ ஜாம்ல நின்னா ஒரு பக்கம் வெந்துரும். அப்புறம் அந்த ரேடாரு... பழைய ரோட்ல வரும்போது மீட்டர்ல ஏதோ மஞ்சள் லைட்டு வந்துச்சு. நான் கண்டுக்கல."

நான் உடனே வண்டியின் முன்னால் போனேன்.

மஞ்சள் விளக்கு

ஒயர் கழன்றதா, இடித்துக்கொண்டாரா என்று குனிந்து பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது. வண்டிக்கு நெற்றி எது என்று எந்தப் பூசாரிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு லைட்டும் இரண்டு கண், நடுவில் அந்தக் கருப்புத் தகடு. பொட்டு வைக்கவென்றே செய்தது போல இருக்கும். பூசாரி தாராளமாக அப்பியிருந்தார். சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு போல இறுகிவிட்டது.

தெய்வாவுக்கு விஷயத்தைச் சொன்னதும், "அட, முனியாண்டிக்கே ரேடார் புடிக்கல போல" என்றார். மற்ற நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அடுத்து ஓட்டக் காத்திருந்தவர்கள் செல்வராஜூ அண்ணனும் அவர் மனைவி வசந்தா அக்காவும்.

அவர்கள் கதையைக் கடையில் எல்லாரும் அறிவோம். சில வருடங்களுக்கு முன் பழைய ரோட்டில், மழையில், இருவரும் போன மோட்டார் ஒரு லோரியின் பின்னால் போய் மோதியது. அண்ணனுக்குச் சிராய்ப்பு. அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். அதன் பிறகு அக்கா மோட்டாரில் ஏறவே இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணனுக்கு அக்காவை உட்காரவைத்துக் கேமரன் மலை, தாய்லாந்து எல்லைவரை போக ஆசை. பல மாதம் கெஞ்சியிருக்கிறார். குணாதான் போனில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தான்: "அக்கா, இந்த வண்டி முன்னாடி லோரிய தானா பாத்துக்கும். நீங்க கவலையே பட வேணாம்." அக்கா சொன்னது ஒரே வார்த்தைதான். ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன், பயமாக இருந்தால் இனி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

புது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

குணா என் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னான். "தொடச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. லைட் போயிரும். அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், ப்ளீஸ்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஈரத்துணியால் துடைத்து ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அணைந்துவிட்டது. வண்டி சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. வசந்தா அக்கா.

"என்னண்ணே, அங்கயே தேய்ச்சிக்கிட்டு இருக்கீங்க?"

அக்கா கேட்டது

எனக்குச் சமாளிக்கத் தெரியாது. சொல்லிவிட்டேன். இதுதான் ரேடார், இதன் மேல் சந்தனம் வைத்துவிட்டார்கள், அதனால் கொஞ்ச நேரம் அதற்குக் கண் தெரியவில்லை, இப்போது சரி.

அக்கா அந்தத் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு பொட்டு வச்சதுக்கா?"

"ஆமாக்கா."

"சேறு அடிச்சா?"

"அப்பவும் மஞ்சள் லைட் எரியும். வேலை செய்யாது."

"மழை பேஞ்சா?"

குணா பின்னாலிருந்து கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினான். "லேசான மழைக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன். "கொட்டுற மழைன்னா நம்ப முடியாது. புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப அன்னிக்கு மாதிரி மழையில இது பாக்காது."

அக்கா ஹெல்மெட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். செல்வராஜூ அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜாக்கெட் எல்லாம் மாட்டித் தயாராக நின்றவர், ஜிப்பைக் கீழே இறக்க ஆரம்பித்தார். என் வாயால்தான் கெட்டது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போது அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க, அன்னிக்கு அந்த லோரிய நீங்க பாத்தீங்களா, இல்லியா?"

"எத்தன தடவ சொல்றது. லோரியில பின்னாடி லைட்டு இல்ல..."

"நான் லைட்ட கேக்கல. பாத்தீங்களா?"

கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பிரகாஷ் போய் அதன் சத்தத்தைக் குறைத்தார்.

"லைட்டு எரிஞ்சுச்சு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்து. "மழை வலுக்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்னு முறுக்குனேன். பாத்தப்ப கிட்ட வந்துட்டேன். ஆஸ்பத்திரியில உன் கால பாத்ததும் வாயில லைட்டு இல்லன்னு வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல."

நாங்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தோம். தெய்வா மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அழுவார், இல்லை கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"இத்தன வருசமா எந்த லோரிய பாத்தாலும் எனக்கு உயிர் போவுது" என்றார். "எதுல லைட்டு இருக்கும், எதுல இருக்காதுன்னு நான் எங்க கண்டேன்? உங்க மேல தப்புன்னு அப்பவே சொல்லியிருந்தா, உங்கள திட்டிட்டு ஏறியிருப்பேன். ஊர்ல இருக்குற லோரிய எல்லாம் நான் திருத்த முடியுமா? உங்கள திருத்தலாம் இல்ல?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா மேசையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத எப்படி மாட்டுறதுன்னு காட்டுங்கண்ணே. அந்த ரேடார ஆஃப் பண்ணிடுங்க. இவரு பாக்கட்டும்."

பின் இருக்கையிலிருந்து

அவர்கள் போய் வந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரே டூல் பெட்டியைப் பல தடவை அடுக்கினேன் என்று பிரகாஷ் பிறகு சொன்னார். ரேடாரையும் அணைத்து அனுப்பிவிட்டோமே, இப்போது யார் தப்பு என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது.

முதலில் குணா வந்தான். நெடுநேரம் கழித்து அவர்கள். ஜாக்கெட்டைக் கழற்றியபோது அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா இறங்கும்போது கம்பி வைத்த காலைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய்த் தாங்கினேன்.

டெமோ முடிந்தால் ஓட்டியவரிடம்தான் கேட்போம்: பவர் எப்படி, பிரேக் எப்படி, சீட் எப்படி என்று. குணா வழக்கம்போல அண்ணனிடம் திரும்பினான். அண்ணன் அக்காவைக் காட்டினார். "அவகிட்ட கேளு."

"சீட்டு நல்லா இருக்கு" என்றார் அக்கா. "பின்னாடி சாஞ்சுக்கலாம். பிரேக்கு புடிச்சாத்தான் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டுது. சிம்பாங் பூலாய் சிக்னல்ல முன்னாடி ஒரு கல்லு லோரி. நான் கண்ண மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா லோரி அங்க நிக்குது, நாங்க இங்க நிக்கிறோம். நடுவுல ஒரு பஸ்ஸ விடலாம். பின்னாடி கார்க்காரன் ஹார்ன் அடிக்கிறான், அடிக்கிறான், இவரு நகரவே இல்ல."

"அப்ப புக் பண்ணிரலாமாக்கா?" என்றான் குணா.

"மழை நாள்ல ஒரு தடவ கூப்புடு. இவரு எப்படி ஓட்டுறாருன்னு பாத்துட்டு சொல்றேன்."

மழையில் யாரும் டெமோ கொடுப்பதில்லை. குணா என்னைப் பார்த்தான். எனக்குப் பயம்தான், ஆனாலும் சரி என்று சொன்னேன்.

தம்பிகளே, அன்று முதல் நான் இரண்டு காரியம் செய்கிறேன். பொட்டு வைக்க டேங்க்கின் மேல் ஒரு நல்ல இடத்தைக் காட்டிக் கொடுக்கிறேன், யாரும் கோபப்பட்டதில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது, அது எப்போதெல்லாம் பார்க்காது என்பதை முதலில் சொல்கிறேன். அதைப் பின்னால் உட்காரப் போகிறவரும் கேட்கும்படி சொல்கிறேன்.

அக்காவும் அண்ணனும் நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம் வந்தார்கள். அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டினார். முழுக்க நனைந்து திரும்பி வந்து, கடை வாசலில் தண்ணீர் சொட்ட நின்றபடி அக்கா குணாவிடம் கேட்டார்: "சிவப்பு கலர் இருக்கா? தூரத்துல வர்றவன் கண்ணுக்கும் நாங்க தெரியணும்."