கொலுசு போட்ட எலக்ட்ரீஷியன்

புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் செம்புக் கம்பி திருடாத ஆள் என்று யாரையாவது காட்டச் சொன்னால், வாசலில் படுத்துக் கிடந்த நாயைத்தான் காட்ட வேண்டும். என்ஜினீயர் லாரியில் கொண்டுபோனார். மேஸ்திரி வேனில் கொண்டுபோனார். எலக்ட்ரீஷியன் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோனார். லாரியும் வேனும் யார் கண்ணிலும் படவில்லை, பை பட்டுவிட்டது. அவ்வளவு பெரிய லாரியை விட்டுவிட்டு இவ்வளவு சின்னப் பையைக் கண்டுபிடித்த போலீசின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

எலக்ட்ரீஷியன் செய்தது தப்புதான், அதை அவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது. ஒத்துக்கொள்ளாத என்ஜினீயர் வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி கட்டப் போய்விட்டார். விசாரணை நடந்த ஒரு மாதம் எலக்ட்ரீஷியன் உள்ளே இருந்தார். ஒருக்களித்துப் படுக்கக்கூட இடமில்லாமல், ஒருவர் திரும்பினால் அறையே திரும்ப வேண்டிய நெரிசல். அந்த அறைக்குத் திரும்பிப் போவதைவிட எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார்.

நீதிபதிக்கும் அந்த நெரிசல் தெரிந்திருந்தது. அதனால் ஜெயிலுக்குப் பதிலாக வீட்டுக்காவல் என்று தீர்ப்பு சொன்னார். கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் தீப்பெட்டி அளவு கருவி. வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. வாசல் மிதியடியைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து கத்தும், காவல் நிலையத்திலும் மணி அடிக்கும்.

"கல்யாணத்தப்ப நான் கேட்ட கொலுசு இன்னும் வரல. உங்களுக்கு மட்டும் கவர்மென்ட்டே போட்டு அனுப்பிடுச்சு" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் அவர் பெயர் கொலுசு. சின்னது பெரியது எல்லாம் அப்படித்தான் கூப்பிட்டன. அவரும் திரும்பிப் பார்த்தார், வேறு என்ன செய்வார்?

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கொலுசு அவருக்கு நல்லதே செய்தது. வீட்டில் உட்கார்ந்த இடத்தில் மிக்சி, இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி என்று பழுது பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மேஜை பட்டறையாக மாறியது. சம்பாதித்ததைக் கூட்டாளிகளோடு கரைக்கக் கால் வெளியே போகாததால் காசு வீட்டிலேயே தங்கியது. எட்டு வருடமாக டாக்டர் டாக்டராக அலைந்தும் நடக்காதது, புருஷன் வீட்டோடு இருந்ததில் நடந்துவிட்டது. மனைவி முழுகாமல் இருந்தாள். கொலுசு கழற்றும் மாதமும் பிரசவ மாதமும் ஒன்றாக வந்தன. குழந்தை வெளியே வரும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் தானும் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. வேறு எதையும் அவர் கடவுளிடம் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை இருப்பதாகவும் நினைக்கவில்லை.

இதற்கிடையில் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனான். சங்கத் தலைவர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். முதலில் ஆள் இல்லை என்றார்கள், அப்புறம் வண்டி இல்லை என்றார்கள், கடைசியில் "மோட்டார் உங்களோடதுதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எலக்ட்ரீஷியனின் துண்டு காற்றில் பறந்து கீழே விழுந்தது. யோசிக்காமல் இறங்கிப் போய் எடுத்துவிட்டார். அடுப்பில் குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு குதித்தார்கள், ஒருவர் கையில் விலங்கு வேறு. எதிரில் துண்டும் கையுமாக நின்றவரைச் சுற்றி வளைத்தார்கள். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். வண்டியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள், பெட்ரோலும் இருக்கிறது!

"சார், வந்தது வந்தீங்க, அந்த மோட்டார் விஷயம்..." என்று இழுத்தார் தலைவர்.

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் போலீஸ்காரர்.

ஆனால் தலைவர் மூளையில் பல்பு எரிந்துவிட்டது. அடுத்த மாதமே மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் குழாயைக் கழற்ற வந்த ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கட்டிப் போட்டார்கள். போலீசுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தலைவர் நேராக எலக்ட்ரீஷியன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, ஒரே ஒரு கால். ஒரு காலை மட்டும் வெளிய வைங்க. பொது நன்மைக்குத்தான் கேக்கறேன்."

"ஐயா, எனக்குப் பிரச்சினை ஆயிடும்."

"நாங்க எல்லாரும் சாட்சி சொல்ல மாட்டோமா? உங்களுக்கு ஒண்ணுன்னா விட்டுடுவோமா?"

வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு காலை வெளியே வைத்தார். ஜீப் பறந்து வந்தது. திருடனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், போகும்போது எலக்ட்ரீஷியன் பெயரில் இரண்டாவது மீறல் என்று எழுதிக்கொண்டும் போனார்கள். சாட்சி சொல்லத் தலைவரைத் தேடினால் அவருக்குத் திடீரென்று ரத்தக் கொதிப்பு வந்து படுத்துவிட்டிருந்தார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள். இங்கே இரண்டு பேருக்கும் கோபமில்லை, அடி மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு.

அவருக்குப் பொறுப்பான கண்காணிப்பு அதிகாரி ஓர் அம்மாள். அந்த அம்மாளின் கணக்கில் இவரைப் போல இருநூறு கொலுசுகள். உட்காரக்கூட நேரமில்லாமல் நின்றபடியே சொன்னாள்:

"இங்க பாருங்க, நீங்க நல்ல மனுஷன்னு எனக்குத் தெரியும். ஆனா மூணாவது தடவை போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மிச்ச தண்டனைய உள்ள போய்த்தான் கழிக்கணும்."

"சத்தியமா போக மாட்டேம்மா. வீடே எரிஞ்சாலும் உள்ளதான் இருப்பேன்."

அன்றைக்கு மிதியடியை இன்னும் இரண்டு அடி உள்ளே தள்ளிப் போட்டார். மனைவி சிரித்தாள்.

அவர்களுக்கு நேர் மேல் மாடியில் ஒரு தையல்காரி இருந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர். அவன் ஊரில் இல்லாத நாட்களில் மேலே தையல் மிஷின் ஓடும், அவன் வந்துவிட்டால் வேறு சத்தம் கேட்கும். அவள் இரண்டு முறை காவல் நிலையம் போனாள். குடும்ப விஷயம் என்று இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஆலோசனை வழங்கினார்கள். விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னார்கள். அவளும் விட்டுக்கொடுத்தாள். முதலில் ஒரு பல், அடுத்த முறை ஒரு விரல் நகம்.

எலக்ட்ரீஷியனை அவள் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். மிஷின் மோட்டார் மக்கர் பண்ணினால் கீழே கொண்டுவருவாள். பிறக்கப் போகிற குழந்தைக்கு மிச்சத் துணியில் குட்டிக் குட்டிச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் நண்பகல். மனைவி மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கொலுசு கழற்ற இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. மேலே ஓடிக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது. ஏதோ உருண்டு விழுந்தது. அப்புறம் "ஐயோ, விடுங்க, செத்துடுவேன்" என்று அவள் குரல். அவள் எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவள். இப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

போலீசுக்குப் போன் போட்டார். இந்த முறை எடுத்தார்கள்.

"யாரு அடிக்கிறது? புருஷனா? அப்ப குடும்ப விஷயம். வண்டி ஃப்ரீயானதும் அனுப்பறோம்."

தலைவருக்குப் போட்டார். "புருஷன் பொண்டாட்டி சண்டையில நமக்கெதுக்கு தம்பி வம்பு? இன்னிக்கு அடிச்சுப்பாங்க, நாளைக்குச் சேர்ந்துப்பாங்க" என்று தத்துவம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

எலக்ட்ரீஷியன் வாசலில் வந்து நின்றார். அந்த ஒரு மாத நெரிசல், வியர்வை நாற்றம், ஆஸ்பத்திரி வராந்தா, மனைவியின் வயிறு எல்லாம் கண் முன்னால் வந்தன. 'போகாதேடா மடையா, பிள்ளை முகத்தைப் பாக்க வேணாமா' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மேலே சத்தம் நின்றுபோனது. சத்தம் கேட்டதைவிட அது நின்றதுதான் அவரைக் கொன்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று மிதியடியைத் தாண்டி மாடிப்படியில் ஓடினார். கொலுசு கத்த ஆரம்பித்தது.

கதவை இடித்தார். டிரைவர் திறந்தான். அவனுக்குப் பின்னால் தரையில் அவள், நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம்.

"உனக்கென்ன வேலை இங்க?"

"போலீஸ் வருது."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். "போலீஸா? இவ போய்க் கூப்பிட்டே வரல. நீ கூப்பிட்டு வந்துடுவாங்களா?"

எலக்ட்ரீஷியன் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"அவளுக்காக வர மாட்டாங்க. எனக்காக வருவாங்க."

அவன் சிரிப்பு போய்விட்டது. கோபத்தில் அவர் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டான். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். மூன்றாவது அறைக்குள் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் பாய்ந்து வந்து, அறைந்தவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, அறை வாங்கியவரைச் சுவரோடு சாய்த்து விலங்கு மாட்டினார்கள். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்ட பிறகுதான் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அட, இது யாரு? அடிபட்டிருக்கு போல."

பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நீதிமன்றத்தில் எலக்ட்ரீஷியன் வழக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. மூன்று மீறல். கண்காணிப்பு அம்மாள் எழுந்து, நடந்ததைச் சொல்லப் பார்த்தாள். நீதிபதிக்கு அடுத்து எண்பது வழக்குகள் காத்திருந்தன. இப்படிப்பட்டவர்களிடம் ஜெயிலுக்கு மாற்றெல்லாம் பலிக்காது என்று அரசு வழக்கறிஞர் வருத்தப்பட்டார், விதிமீறலுக்கு மின்னல் வேகத்தில் போய்ச் சேர்ந்த போலீசைப் பாராட்டவும் செய்தார். எலக்ட்ரீஷியன் உள்ளே போனார். குடியிருப்புச் சங்கம் ஒரு மனு போட்டது. அவர் போனபின் தெருவுக்குப் போலீசே வருவதில்லையாம், தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.

குழந்தை பெண்ணாகப் பிறந்தது. அவர் அதைத் தெரிந்துகொண்டது பார்வையாளர் ஜன்னலில். மனைவிக்கு உடம்பு தேறாததால் தையல்காரிதான் வந்திருந்தாள். நெற்றியில் தையல் தழும்பு, கையில் போனில் எடுத்த படம். கம்பி வலை வழியாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கு மனைவி மாதிரி இருந்தது. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தவர், அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவனுக்கு என்னம்மா தண்டனை?"

"முதல் தடவையாம்ணே, ஜெயில்ல இடமும் இல்லையாம். அதனால அவருக்கும் கொலுசு போட்டு வீட்ல வெச்சுட்டாங்க."

"எந்த வீட்ல?"

"எங்க வீட்லதான். வீடு அவர் பேர்ல இருக்கே. நான் உங்க வீட்டுக்கு வந்துட்டேன். அண்ணியையும் பாப்பாவையும் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரே ஒரு மாடி கீழயா? அவன் இறங்கி வந்துட்டா?"

"வர மாட்டாருண்ணே. வாசலைத் தாண்டினா போலீஸ் ஓடி வந்துடும்னு அவருக்கு நல்லாத் தெரியும், அன்னிக்குக் கண்ணாலயே பாத்தாரே" என்றாள். "நான் அந்த வாசலுக்கு உள்ள இருந்தாத்தான் யாரும் வர மாட்டாங்க."