வெலிமிர் கடை ஜன்னல்

சவரக் கடையைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்பே வெலிமிர் தன் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார். உள்ளங்கையால் அல்ல, விரல்களின் புறத்தால். தாடையிலிருந்து காது வரை, மயிரின் போக்குக்கு எதிராக. நாற்பத்து நான்கு வருஷமாக அடுத்தவர் கன்னத்தை அவர் இப்படித்தான் சோதித்துவருகிறார். தன் கன்னத்தைச் சோதிக்க ஆரம்பித்தது போன ஜூனில்தான். கடைசியாகப் போட்ட ஊசியின் வீரியம் தீர்ந்துபோகும் என்று டாக்டரம்மா சொன்ன மாதம் அது.

அவருக்கு வயது அறுபத்தேழு. புராஸ்டேட் புற்றுநோய். முதலில் இரண்டு மாதம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வயிற்றில் ஊசி, இரண்டு வருஷத்துக்கு. ஆண் ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி. அது சுரக்காமல் செய்ய இந்த ஊசி. இப்போது ஊசியை நிறுத்தியாகிவிட்டது. இனி ஹார்மோன் திரும்ப வேண்டும், அதன் பின்னாலேயே நோய் திரும்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து இரண்டு எண்கள் வாங்கி வருகிறார். ஹார்மோன் எண் ஏற வேண்டும், நோயின் எண் அசையாமல் கிடக்க வேண்டும். ஜனவரிச் சீட்டில் இரண்டுமே அசையவில்லை. அந்தச் சீட்டு மடித்தபடி கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் இருக்கிறது.

"தாடி வந்தா சந்தோஷமா, பயமான்னே தெரியல," என்பார். "ஒரே கதவு. அதே வழியாத்தான் விருந்தாளியும் வரணும், திருடனும் வரணும்."

ஊசிக் காலத்தில் நான்கு நாளைக்கு ஒரு முறை சவரம் செய்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தார். ஆனாலும் தினமும் காலையில் நுரை பூசி, ஒன்றுமில்லாத கன்னத்தில் கத்தியை ஓட்டினார். சவரம் செய்யாத சவரக்காரனை யார் நம்புவார்கள்? முன்கையில் மயிர் உதிர்ந்து தோல் மழமழவென்று ஆயிற்று. இடுப்பு பெருத்தது, வெள்ளை மேலங்கியின் கடைசி இரண்டு பொத்தான்களைப் போடாமல் விட்டார். பத்து நிமிஷம் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தால் தோள் நடுங்கியது. சக்கரம் வைத்த முக்காலி ஒன்று வாங்கி, உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரைச் சுற்றிவந்து முடி வெட்டினார். ஒருமுறை யாரோ, கால் ஒடிந்த தன் நாய் மறுபடி மாடிப்படி ஏறிவிட்டது என்று சொன்னார். வெலிமிர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவர் நாய்ப் பேச்சை விட்டுவிட்டு மழையைப் பற்றி ஆரம்பித்தார்.

இதையெல்லாம் எங்கள் தெரு பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஜன்னலைத்தான்.

ஒரு நாளில் பத்துத் தடவை அவர் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள். நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, காது, மண்டை என்று ஏறும். உடனே தெருப்பக்க ஜன்னலையும் கொல்லைக் கதவையும் ஒன்றாகத் திறந்துவிடுவார். எங்கள் பாஞ்சேவோ ஊரில் ஒருவன் மனைவியை விட்டுவிட்டு ஓடினாலும் மன்னித்துவிடுவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பக்கம் திறந்து காற்றை ஊடே விட்டவனை மன்னிக்கமாட்டார்கள். ஊடுகாற்று பட்டால் கழுத்து பிடிக்கும், சிறுநீரகம் உறையும், வாய் கோணும். அதுவும் ஈரத்தலையோடு நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறவன் மேல், டான்யூப் ஆற்றைத் தாண்டி வரும் கோஷவா என்ற குளிர்காற்றை விடுவது கொலைக்குச் சமம்.

"யோவ், சாத்துய்யா. எங்க பெரியம்மா பையனுக்கு இப்படித்தான் மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு," என்றார் கோய்கோ. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக ஒவ்வொரு பெட்டியிலும் ஜன்னல் சாத்தியே பழகிய கை.

"உன் பெரியம்மா பையன் பொறந்தப்பவே அப்படித்தான் இருந்தான். நான் பார்த்திருக்கேன்."

"என்னய்யா ஆச்சு உனக்கு? ஊர்லயே முதல்ல ஜன்னல் சாத்துற ஆளு நீதானே?"

"தைராய்டு," என்றார் வெலிமிர். கேட்டவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதில்தான். கோய்கோ நம்பவில்லை. துண்டை உதறிவிட்டுப் பாலத்தடியில் இருந்த வேறொரு சவரக் கடைக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் அவருடைய கிருதாக்கள் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று கீழுமாகத் தெருவில் நடமாடின.

விஷயத்தை உடைத்தவர் தெசாங்கா, வெலிமிரின் மனைவி. சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது கோய்கோவின் மனைவி ஸ்தோயா, தன் புருஷனின் கழுத்துப் பிடிப்புக்கு வெலிமிர்தான் பொறுப்பு என்று ஆரம்பித்தார்.

"தைராய்டும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் தெசாங்கா, கோஸை அமுக்கிப் பார்த்தபடி. "நமக்கெல்லாம் அம்பது வயசுல வந்துச்சே, அந்தச் சூடு. அதுதான் இவருக்கு இப்ப வந்திருக்கு. புற்றுநோய்க்குப் போடற ஊசியால."

ஸ்தோயா கையிலிருந்த கோஸைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகு, "ராத்திரி போர்வையை உதைக்கிறாரா?" என்று கேட்டார்.

"உதைக்கிறார். அப்புறம் குளிருதுன்னு என்னோடதையும் இழுத்துக்கிறார்."

"ஐயோ பாவம்," என்றார் ஸ்தோயா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. தெசாங்காவும் சிரித்தார். கோஸ் விற்றவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் கோய்கோ கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். பெண்டாட்டிகள் கட்டி அனுப்பிய துண்டுகள், பச்சை, கோடு போட்டது, ஒன்றில் குஞ்சம்கூட. ஜூலை மாதத்தில் இப்படி ஒரு முடிவெட்டும் கடை சைபீரியாவில்கூட இருந்திருக்காது. நோயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வெலிமிரும் துண்டுகளைப் பற்றிக் கேட்கவில்லை. கழுத்து வரும்போது துண்டை விரலால் தள்ளிவிட்டு வெட்டினார்.

தெசாங்காவுக்கு மட்டும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதை அவர் சத்தம் போட்டுக் கேட்பதில்லை. காப்பி கொண்டுவந்து வைக்கும்போது, வானிலை சொல்வதுபோலச் சொல்வார்.

"எனக்கு இந்தச் சூடு வந்தப்ப மூணு குளிர்காலம். ஜன்னலை ஒரு விரல்கடை திறக்க விட்டாரா கேளுங்க. காத்து பட்டா செத்துருவேன்னு இடுக்குல எல்லாம் பஞ்சு அடைச்சாரு. நான் ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சு, அது முன்னாடி உக்காந்து அழுதேன்."

"எனக்கென்ன தெரியும்," என்பார் வெலிமிர், கத்தியைத் தீட்டியபடி.

"இப்பத் தெரியுதுல்ல."

தெசாங்காவுக்கு அந்தச் சூடு முழுசாகப் போகவும் இல்லை. அறுபத்து நான்கிலும் வாரத்தில் இரண்டு மூன்று தரம், கேட்காமல் வந்துவிட்டுப் போகும்.

"படுக்கையில ரெண்டு பேரும், பழைய ஆசை திரும்ப வருமான்னு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி கிடக்கறோம்," என்று ஒருநாள் ஸ்தோயாவிடம் சொல்லியிருக்கிறார். "பஸ் வரலேன்னாலும் பரவாயில்ல. பக்கத்துல இருக்கிற ஆளு இருந்தா போதும்."

பிப்ரவரியில் வெலிமிர் முக்காலியை மூலையில் தள்ளிவிட்டு நின்றபடி வெட்ட ஆரம்பித்தார். மார்ச்சில், அரை மணி பேசிவிட்டு முடி வெட்டாமலே கிளம்பிய கோய்கோவை, "இது என்ன வெயிட்டிங் ரூமா?" என்று அதட்டினார். கோய்கோவுக்குப் பரம திருப்தி. பழைய ஆள் வந்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொன்னார். அடுப்பு மூட்டுவது நாளுக்கு இரண்டாகக் குறைந்து, பிறகு நின்றது. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் ஜன்னலைத் திறக்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. முந்தின நாள் மழித்த கன்னம் இப்போது காலையிலேயே சொரசொரக்கிறது. தடவும்போது விரல்கள் ஒரு கணம் நின்றுவிடுகின்றன. வந்திருப்பது யார் என்று காது கொடுத்துக் கேட்பதுபோல.

ஏப்ரல் சீட்டு வாங்கப் போன காலையில், கடைச் சாவியைக் கோய்கோவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோய்கோ கடையைத் திறந்து, முறைப்படி ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு வெலிமிரும் தெசாங்காவும் வந்தார்கள். வெளியே கோஷவா மூன்றாம் நாளாக அடித்துக்கொண்டிருந்தது. வெலிமிர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். மேலங்கியைப் போட்டுக் கடைசிப் பொத்தான்வரை பூட்டினார்.

"என்னய்யா?" என்றார் கோய்கோ, கண்ணாடியைப் பார்த்து.

"ஏற வேண்டியது ஏறியிருக்கு. கிடக்க வேண்டியது கிடக்கு."

"அப்ப ஒரு கிளாஸ் ராக்கியா உன் செலவு."

"ஜூலைல மறுபடி ரத்தம் குடுக்கணும். சேர்த்து வாங்கித் தரேன்."

கொல்லைக் கதவிலிருந்து புறப்பட்ட காற்று அறையைக் கடந்து ஜன்னலுக்குப் போயிற்று. வெலிமிருக்கு உடம்பு சிலிர்த்தது. ஊசி ஆரம்பித்த பிறகு முதல் முறையாக அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். பிடரியைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலருகே போய்க் கொக்கியைப் பிடித்தார். கோய்கோ நிம்மதியாகத் துண்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

பின்னால் பெஞ்சில் தெசாங்கா கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். ஜன்னலைச் சாத்த வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்பதை அவர் என்றோ விட்டுவிட்டார்.

வெலிமிர் கொக்கியை விட்டார். ஜன்னலை இன்னும் ஒரு சாண் அகலமாகத் திறந்து வைத்தார். பிறகு கோய்கோவின் கையில் பாதி அவிழ்ந்து தொங்கிய கம்பளித் துண்டை உருவி, தன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்தார்.